ஸ்விஃப்டுக்கு 17 இன்ச் வீல் போடலாமா? காருக்குப் பொருத்தமான டயர் சைஸை எப்படித் தேர்ந்தெடுப்பது?

2005 ஜூன் 19. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஃபார்முலா ஒன் பந்தயம். 20 கார்களும் ஃபார்மேஷன் லேப் போய்விட்டு வந்தன. ஆனால், பந்தயம் தொடங்கும் நேரத்தில் கோட்டில் நின்றவை 6 கார்கள்தான். மற்ற 14 கார்களும் பிட்டுக்குள் போய் ஒதுங்கிவிட்டன.

காரணம், டயர். ஒதுங்கிய 14 கார்களிலும் இருந்தவை மிஷெலின் டயர்கள். அந்த டிராக்கின் 13-வது திருப்பம் சரிவாக எழுப்பப்பட்டது. அங்கே வேகமாகத் திரும்பும்போது இடது பின்பக்க டயருக்கு விழும் அழுத்தத்தை அந்த டயர் தாங்கவில்லை. பயிற்சியின்போதே ரால்ஃப் ஷூமாக்கரின் கார் அங்கே சுவரில் மோதியது. 'இந்த டயரோடு இந்தத் திருப்பத்தில் முழு வேகத்தில் ஓட்டுவது பாதுகாப்பில்லை' என்று டயர் கம்பெனியே கைவிரித்துவிட்டது. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டிருந்த 6 கார்கள் மட்டும் ஓடின. அதில் நான்காவதாக வந்தவர் நம்ம கோவை நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஒரு இந்தியர் முதன்முதலாகப் புள்ளிகள் எடுத்த நாள் அது. கிடைத்தது 5 புள்ளிகள்.

இப்போ எதுக்கு இந்தப் பழைய கதை என்கிறீர்களா? மிஷெலின் மோசமான டயர் கம்பெனி இல்லை. வேறு டிராக்குகளில் அதே டயர்கள் பந்தயங்களை ஜெயித்திருக்கின்றன. அன்றைக்கு அந்த டயர் அந்த ரோட்டுக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். உலகத்தின் சிறந்த இன்ஜினியர்களுக்கே இப்படி நடக்கும் என்றால், ஃபோட்டோவைப் பார்த்து 17 இன்ச் அலாய் வாங்கும் நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்?

டயர் கடையில் நடக்கும் பேச்சு

பல்லடத்தில் மட்டுமில்லை, கோவை, திருப்பூர் என எந்த ஊர் டயர் கடையிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"அண்ணா, ஸ்விஃப்டுக்கு 17 இன்ச் போட்டா எப்படிங்ணா இருக்கும்?"

"கெத்தா இருக்குமுங்க தம்பி. போட்டுறலாமுங்க."

பார்க்கக் கெத்தாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கார் எங்கே ஓடப் போகிறது? வாரத்தில் ஐந்தாறு நாள் கோவை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே. கோழிப் பண்ணைக்கும் தறி செட்டுக்கும் போகும் கிராமத்து ரோட்டில், பெயின்ட் அழிந்துபோன ஸ்பீடு பிரேக்கர் மேலே. எப்போதாவது நண்பர்களோடு ஆழியாறு தாண்டி, 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கு. டயர் சைஸை முடிவு செய்ய வேண்டியது இந்த ரோடுகள்தான். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டயர் மேல இருக்கிற நம்பருக்கு என்ன அர்த்தம்?

ஸ்விஃப்டின் மேல் வேரியன்ட்களில் வரும் சைஸ் 185/65 ஆர் 15. அதன் பக்கத்திலேயே 88 எச் மாதிரி இன்னொரு குறியீடும் இருக்கும்.

* 185: டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
* 65: அந்த அகலத்தில் 65 சதவீதம் சைடுவாலின் உயரம். அதாவது ரிம் விளிம்பிலிருந்து ரோடு வரை இருக்கும் ரப்பர் சுவர். இங்கே சுமார் 120 மி.மீ.
* ஆர்: ரேடியல் டயர்.
* 15: ரிம்மின் விட்டம், இன்ச்சில்.
* 88: லோட் இண்டெக்ஸ். ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும்.
* எச்: வேகக் குறியீடு. மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும். டி என்றால் 190, வி என்றால் 240.

மொத்த விட்டத்தைக் கணக்குப் போடுவதும் சுலபம். 15 இன்ச் என்பது 381 மி.மீ. மேலேயும் கீழேயும் இரண்டு சைடுவால் சேர்த்தால் 240.5 மி.மீ. மொத்தம் 621.5 மி.மீ. டயர் மாற்றும்போது கையில் இருக்க வேண்டிய முதல் நம்பர் இதுதான்.

மொத்த விட்டம் ஏன் மாறக் கூடாது?

ஸ்பீடோமீட்டர், கியர் விகிதம், ஏ.பி.எஸ். பிரேக் எல்லாமே ஒரு சுற்றுக்குக் கார் எவ்வளவு தூரம் போகும் என்ற கணக்கில்தான் செட் செய்யப்பட்டிருக்கின்றன. விட்டம் கூடினால் மீட்டர் 100 காட்டும்போது கார் அதைவிட வேகமாகப் போகும். பிக்கப் மந்தமாகும். வீல் ஆர்ச்சில் டயர் உரசவும் வாய்ப்பு உண்டு.

ரிம் பெரிதானால் சைடுவால் குறைய வேண்டும், மொத்த உயரம் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் சூத்திரம். ஸ்விஃப்டின் 621.5 மி.மீ.யோடு சில சைஸ்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

* 195/60 ஆர் 15: விட்டம் 615 மி.மீ. 1 சதவீதம் குறைவு. சைடுவால் 117 மி.மீ.
* 195/55 ஆர் 16: விட்டம் 621 மி.மீ. கிட்டத்தட்ட அதே அளவு. சைடுவால் 107 மி.மீ.
* 205/45 ஆர் 17: விட்டம் 616 மி.மீ. 0.8 சதவீதம் குறைவு. சைடுவால் 92 மி.மீ.
* 205/50 ஆர் 17: விட்டம் 637 மி.மீ. 2.5 சதவீதம் அதிகம். சைடுவால் 102 மி.மீ.

கடைசி இரண்டும் '17 இன்ச்' என்றுதான் கடையில் சொல்வார்கள். ஆனால், நான்காவதைப் போட்டால் மீட்டரில் 100 காட்டும்போது நிஜ வேகம் இரண்டரை கி.மீ. கூடுதலாக இருக்கும். அதனால், வெறும் இன்ச்சை மட்டும் கேட்காதீங்க, மூன்று நம்பரையும் கேளுங்க.

அப்போ 205/45 ஆர் 17 போடலாம்தானே?

விட்டக் கணக்கில் அது பாஸ். மாட்டிக்கொள்ளும் இடம் சைடுவால். 120 மி.மீ. இருந்த ரப்பர் சுவர் 92 மி.மீ. ஆகிவிடுகிறது. சரியாக 28 மி.மீ. போய்விட்டது.

சைடுவால் என்பது சும்மா உயரத்துக்காக இருப்பது இல்லை. அதுவும் ஒரு ஸ்பிரிங்தான். குழியில் இறங்கும்போது முதலில் மடங்கிக் கொடுப்பது அதுதான். மடங்க இடம் போதவில்லை என்றால், ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவில் ரப்பர் நசுங்கும். உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். ரெண்டு நாள் கழித்துப் பார்த்தால் டயர் பக்கவாட்டில் முட்டை மாதிரி புடைத்திருக்கும். அந்த டயரைப் பஞ்சர் ஒட்டிக் காப்பாற்ற முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். அதோடு நெடுஞ்சாலையில் போனால் எங்கே வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. டயர் தப்பித்தாலும் ரிம் வளையலாம், விரிசல் விடலாம்.

இன்னொன்று, லோட் இண்டெக்ஸ். 205/45 ஆர் 17 அளவில் சாதாரண வகை டயரின் லோட் இண்டெக்ஸ் 84. அதாவது 560 கிலோ தாங்கிய இடத்தில் 500 கிலோ. ஸ்விஃப்ட் எடை குறைந்த கார் என்பதால் உடனே ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனால், ஐந்து பேர், டிக்கி நிறைய லக்கேஜ் என்று போகும்போது கையிருப்பு குறைகிறது. கனமான எஸ்.யூ.வி.களில் இதே தவறைச் செய்தால் விளைவு பெரிது. ஒரிஜினல் டயரின் லோட் இண்டெக்ஸுக்குக் கீழே போகக் கூடாது என்பது பொது விதி. இதே அளவில் 'எக்ஸ்ட்ரா லோட்' வகையும் உண்டு. அதன் இண்டெக்ஸ் 88. ஆனால், அந்த முழு எடையையும் தாங்க அதற்குக் கூடுதல் காற்று வேண்டும். காற்று கூடினால் குலுக்கலும் கூடும்.

பெரிய வீல் போட்டாத்தானே ஸ்போர்ட்ஸ் கார்?

இதுதான் பெரிய தவறான எண்ணம். உலகத்தில் அதிகம் விற்ற திறந்த மேற்கூரை ஸ்போர்ட்ஸ் கார் மாஸ்டாவின் எம்.எக்ஸ்-5. 1989-ல் அது வந்தபோது போட்டிருந்த டயர் 185/60 ஆர் 14. வெறும் 14 இன்ச்! டொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் கார் 2012-ல் வந்தபோது 215/45 ஆர் 17 அளவில் கொடுத்த மிஷெலின் பிரைமசி டயர், அதே கம்பெனியின் ஹைபிரிட் குடும்பக் காரான பிரியஸிலும் வந்ததுதான். அகலத்தைத் திணிப்பதைவிட கார் லேசாக, சொன்ன பேச்சு கேட்டுத் திரும்ப வேண்டும் என்பதுதான் அந்த வடிவமைப்பின் நோக்கம்.

ஃபார்முலா ஒன் கார்களிலேயே 2021 வரை 13 இன்ச் வீல்தான். 2022-ல்தான் 18 இன்ச்சுக்கு மாறினார்கள். நரேன் இண்டியானாபொலிஸில் ஓட்டியதும் 13 இன்ச்தான்.

'போர்ஷே 911-ல் முன்னாடி 19, பின்னாடி 20 இன்ச் இருக்கே?' என்று கேட்கலாம். இப்போதைய கரேரா மாடலில் முன்பக்கம் 235/40 ஆர் 19, பின்பக்கம் 295/35 ஆர் 20. ஆனால், அதற்கு இன்ஜினே பின்னால். சக்தியும் பின் சக்கரத்துக்குத்தான் போகிறது. பெரிய பிரேக் டிஸ்க் உள்ளே உட்கார இடமும் வேண்டும். இன்ஜினும் சக்தியும் முன்னால் இருக்கும் ஸ்விஃப்டுக்கோ ஐ20-க்கோ பின்னால் மட்டும் அகலமான டயர் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பெரிய வீலில் எடைப் பிரச்சினையும் உண்டு. பெரிய ரிம் பெரும்பாலும் கனமானது. சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பதால், மேடு பள்ளத்தில் சஸ்பென்ஷன் அதைக் கட்டுப்படுத்தத் திணறும். எடை மையத்தைவிட்டு வெளியே தள்ளிப் போகப் போக, அதைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் சக்தி வேண்டும். 'அலாய் மாத்தினதுக்கு அப்புறம் வண்டி இழுக்கலைங்க, மைலேஜும் கொறைஞ்சுடுச்சுங்க' என்று புலம்புவதன் காரணம் இதுதான்.

கரி டிராக் சொல்லும் பாடம்

பல்லடத்திலிருந்து மேற்கே, கோவை செட்டிபாளையத்தில் இருக்கிறது கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய எஸ்.கரிவரதனின் பெயரைத் தாங்கிய டிராக் அது. 1995-ல் விமான விபத்தில் அவர் இறந்தார். அவர் தொடங்கிவைத்த வழியில்தான் ஃபார்முலா எல்.ஜி.பி. மாதிரியான பந்தயங்கள் வந்தன.

அந்தப் பந்தயங்களில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே மாதிரி இன்ஜின், ஒரே டயர். யாரும் பெரிய வீல் போட்டு ஜெயிக்க முடியாது. பிறகு எதில் வித்தியாசம் வரும்? டிரைவரின் கையிலும், செட்டப்பிலும், டயருக்குள் இருக்கும் காற்றிலும்தான். நாம் அலட்சியமாக விடுவதும் அதே காற்றைத்தான்.

டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உங்கள் காருக்கான காற்று அளவு இருக்கும். காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். வெப்பம் சுமார் 5 முதல் 6 டிகிரி கூடினால் காற்றழுத்தம் 1 பி.எஸ்.ஐ. ஏறும். மத்தியான வெயிலில் 40 கி.மீ. ஓட்டிவிட்டு வந்து, 'காத்து ஜாஸ்தியா இருக்கு' என்று இறக்கிவிட்டால், அடுத்த நாள் காலை டயர் பசியோடு நிற்கும். காற்று குறைந்த டயர் அதிகம் மடங்கும், மடங்கினால் சூடேறும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ரிம் வாங்கும்போது டயர் சைஸ் மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது. ரிம்முக்கு நான்கு அளவுகள் உண்டு.

பி.சி.டி.: போல்ட் ஓட்டைகள் அமைந்திருக்கும் வட்டம். ஸ்விஃப்டுக்கு 4 போல்ட், 100 மி.மீ. இதில் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

சென்டர் போர்: நடுவில் இருக்கும் பெரிய ஓட்டை. கடையில் வாங்கும் அலாய்களில் எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று இது பெரிதாக இருக்கும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் போட வேண்டும். போடாவிட்டால் 80, 90 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். நீங்கள் பேலன்சிங், அலைன்மென்ட் என்று மாற்றி மாற்றிக் காசு செலவழித்துக்கொண்டே இருப்பீர்கள்.

அகலம்: 5.5 ஜே, 6 ஜே, 7 ஜே என்று இன்ச்சில் சொல்வார்கள். ஒவ்வொரு டயருக்கும் ஒரு வரம்பு உண்டு. 185/65 ஆர் 15-க்கு 5 முதல் 6.5 இன்ச் வரை. 195/55 ஆர் 16-க்கு 5.5 முதல் 7 வரை. அகலமான ரிம்மில் ஒல்லியான டயரை இழுத்து மாட்டுவது ஃபேஷனாக இருக்கலாம். ஆனால், குழியில் முதல் அடி ரிம்முக்குத்தான்.

ஆஃப்செட்: ஈ.டி. 45, ஈ.டி. 35 என்று ரிம்மில் பொறித்திருக்கும். காருடன் இணையும் பகுதி ரிம்மின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் இது. ஈ.டி. குறைந்தால் வீல் வெளியே தள்ளும். உதாரணமாக, 6 ஜே, ஈ.டி. 45 ரிம்மிலிருந்து 7 ஜே, ஈ.டி. 35-க்கு மாறினால், வீலின் வெளி விளிம்பு சுமார் 23 மி.மீ. வெளியே வந்துவிடும். ஃபெண்டரில் உரசும், வீல் பேரிங்குக்குச் சுமை கூடும், ஸ்டீயரிங் குழி குழியாக இழுக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாகப் பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

அதனால், பாதுகாப்பான வழி ஒன்றுதான். உங்கள் மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் சைஸுக்கு மாறுவது. அதைத் தாண்டுவதாக இருந்தால், காசு கொடுக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிடமும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கங்க. விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கலாம்.

சரிங்க, முடிவா எதைப் போடறது?

14 இன்ச் வைத்திருப்பவர்கள்: ஸ்விஃப்டின் கீழ் வேரியன்ட்களில் வரும் 165/80 ஆர் 14-ன் விட்டம் சுமார் 620 மி.மீ. மேல் வேரியன்ட்டின் 185/65 ஆர் 15-ன் விட்டம் 621.5. அச்சு அசல் பொருத்தம். 20 மி.மீ. கூடுதல் அகலம், தேவையான அளவு சைடுவால், கம்பெனியே கொடுக்கும் சைஸ். இதைவிட நல்ல பேரம் கிடையாது.

15 இன்ச் வைத்திருப்பவர்கள்: ரிம்மை விட்டுவிட்டு, அந்தக் காசில் நல்ல டயர் வாங்குங்க. பிரேக் பிடிக்கும் தூரத்தையும் மழையில் பிடிமானத்தையும் முடிவு செய்வது ரப்பரின் தரமும் பட்டனும்தான், ரிம்மின் இன்ச் இல்லை. டயரில் 'ட்ரெட்வேர்' என்று ஒரு எண் இருக்கும். எண் குறைவாக இருந்தால் பொதுவாக ரப்பர் மென்மையானது, பிடிமானம் அதிகம், ஆனால் சீக்கிரம் தேயும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தேங்கிய தண்ணீரில் போகும்போது, அளவுக்கு மீறி அகலமான டயர் தண்ணீர் மேலேயே மிதந்து வழுக்கவும் வாய்ப்பு அதிகம்.

ஆசை அடங்கவே இல்லை என்பவர்கள்: 195/55 ஆர் 16-தான் நம் ரோட்டுக்கு எல்லை. ஹூண்டாய் தன் ஸ்போர்ட்டியான ஐ20 என் லைனுக்கே கொடுக்கும் சைஸ் அது. ஸ்விஃப்டுக்கு இதைப் போடுவதென்றால் லோட் இண்டெக்ஸ் 88-க்குக் குறையாத டயரைத் தேடுங்க, மேலே சொன்ன அனுமதியையும் வாங்கிடுங்க. 17 இன்ச்சுக்கு நம்ம ஊர்க் குழிகள் தயாராக இல்லை.

காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

* டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா?
* தயாரிப்புத் தேதி எப்போது? பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2325 என்றால் 2025-ம் ஆண்டின் 23-வது வாரம். பழைய ஸ்டாக் என்றால் வேண்டாம் என்று சொல்லிடுங்க.
* லோட் இண்டெக்ஸ், வேகக் குறியீடு இரண்டும் ஒரிஜினலுக்குக் குறையாமல் இருக்கின்றனவா?
* அலாய்க்கு ஏற்ற நட் கொடுக்கிறார்களா? நட்டின் அடிப்பகுதி வடிவம் ரிம்மோடு பொருந்த வேண்டும். மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி டைட் வைக்கச் சொல்லுங்க.
* இரண்டு டயர் மட்டும் புதிது வாங்கினால் பின்பக்கம் போடச் சொல்லுங்க. முன்சக்கர டிரைவ் காராக இருந்தாலும் சரி. மழையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டியைத் திருப்பிப் பிடிப்பது கஷ்டம்.
* பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே டயரை மாற்ற வேண்டும். பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடுகள் மட்டத்துக்கு டயர் தேய்ந்துவிட்டால் அதுதான் அடையாளம்.
* ஸ்டெப்னி பழைய சைஸிலேயே இருக்கிறதா? விட்டம் வித்தியாசப்பட்டால் அடுத்த பஞ்சர் கடை வரை மெதுவாகப் போவதற்கு மட்டும்தான் அது.

ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் கிட்டத்தட்ட உங்கள் உள்ளங்கை அளவுதான். நான்கு உள்ளங்கை அளவு ரப்பரை நம்பித்தான் அம்மா, அப்பா, குழந்தை எல்லோரையும் ஏற்றிக்கொண்டு 100 கி.மீ. வேகத்தில் போகிறோம். அன்றைக்கு இண்டியானாபொலிஸில் 14 கார்கள் ஒதுங்கியபோது மைதானத்தில் இருந்தவர்கள் கோபத்தில் கூச்சல் போட்டார்கள். ஆனால், பொருந்தாத டயரோடு ஓட்டி யாரும் சாகவில்லை. அடுத்த முறை கடைக்காரர் 'போட்டுறலாமுங்க' என்று சொல்லும்போது, ஒரு நிமிஷம் நின்று மூன்று நம்பரையும் கணக்குப் போட்டுப் பாருங்க.